மடிக்கணினியின் உறக்கக் கோளாறுகளும் பரிகாரமும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

ஊராட்சி நிர்வாகத்தில் ஒரு காலத்தில் பேரேடும் மைக்கூடும் வகித்த இடத்தை இன்று கணினி வகிக்கின்றது. மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளம் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற பின், ஊராட்சியின் வளர்ச்சித் திட்டமும் வரவு செலவும் கணினி வழியாகப் பதிவாகின்றன. தமிழ்நாடு அரசு 2011-ஆம் ஆண்டு முதல் மாணவ மாணவியர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கியதன் பயனாக, எத்தனையோ உழவர் குடும்பங்களிலும் அச்சாதனம் புழங்குகின்றது. உழவு மாடு வைத்திருப்பவர் அதற்கு வரும் நோய்களையும் ஓரளவு அறிந்திருப்பார். அதுபோல, மடிக்கணினியை உபயோகிப்போர் அதன் கோளாறுகளில் சிலவற்றையேனும் அறிந்திருத்தல் நலம். அவற்றுள் அடிக்கடி நேர்வதும், அசட்டை செய்தால் பெருநஷ்டம் விளைப்பதுமான உறக்கக் கோளாறுகளைக் குறித்து இங்கே சிறிது விரிவாகக் கூற விரும்புகிறோம்.

ஒரு நாள் நேர்ந்த இழப்பு

நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஐப்பசி அடைமழைக்குப் பின் நிகழ்ந்தது இது. குடிசைகளும் ஓட்டு வீடுகளும் பல இடிந்து வீழ்ந்தன. ஊராட்சிச் செயலரும் வார்டு உறுப்பினர் இருவரும் இரண்டு நாள் சேற்றில் நடந்து, தெருத்தெருவாகக் கணக்கெடுத்தனர். மூன்றாம் நாள் காலை முதல் நண்பகல் வரை அமர்ந்து, 61 குடும்பங்களின் விவரங்களையும் செயலர் மடிக்கணினியில் ஓர் அட்டவணையாகப் பதிந்தார். பதிந்து முடித்ததும் மூடியைச் சாத்தினார். கணினி உறங்கிவிட்டது என்ற நம்பிக்கையில் அதைப் பையிலிட்டுப் புறப்பட்டார். வழியில் வங்கி வேலையையும் முடித்துக்கொண்டு மாலை 4 மணிக்கு நம் அலுவலகம் வந்து சேர்ந்தார்.

பையைத் திறந்தபோது கணினி கைவைக்க முடியாதபடி சுட்டது. விசையை அழுத்தினால் அசைவில்லை. ஆறவைத்து, மின்னூட்டி, மீண்டும் இயக்கியபோது அட்டவணையில் முதல் 14 குடும்பங்களே எஞ்சியிருந்தன. அதுவரையில்தான் அவர் சேமித்திருந்தார். தானாகச் சேமித்துக்கொள்ளும் ஏற்பாடு அக்கணினியில் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. குறிப்புச் சீட்டுகளிலோ பல நனைந்து எழுத்துக் கலைந்துவிட்டன. நல்வேளையாக, உறுப்பினர் இருவருள் ஒருவரான அம்மையார் தம் நோட்டுப் புத்தகத்தில் தனியே குறித்து வைத்திருந்தார். அதைக் கொண்டும், மறுபடியும் தெருவில் நடந்தும், பட்டியலை மீட்க மேலும் இரண்டு நாள் ஆயின. அவ்விரண்டு நாளும் கூரையிழந்த மூதாட்டி ஒருவர் ஊராட்சி அலுவலகத் திண்ணையில் வந்தமர்ந்து, “என் பெயர் ஏறிவிட்டதா, ஐயா?” என்று கேட்டவண்ணம் இருந்தார்.

காரணத்தை ஆராய்ந்தோம். அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை புரொஜெக்டர் கருவியின் மூலம் மக்களுக்குக் காட்டப்பட்டது. மூடியைச் சாத்தினாலும் படம் அணையாதிருக்கும் பொருட்டு, ‘மூடியைச் சாத்தினால் ஒன்றும் செய்யற்க’ என்ற பொருளுடைய அமைப்பு அன்று கணினியில் செய்யப்பட்டது. கூட்டம் முடிந்தபின் எவரும் அதை மாற்றவில்லை. பின்வந்த நாட்களில் கணினி மின்னிணைப்போடு மேசைமீதே இருந்தமையால், மூடிய பின்னும் அது விழித்திருப்பது எவர்க்கும் தெரியவில்லை. பைக்குள் சென்றதும் காற்றோட்டமின்றி வெப்பம் ஏறி, எல்லை மீறியபோது, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அது திடீரென்று நின்றுவிட்டது. கிராம சபையன்று அவ்வாறு அமைத்துக் கொடுத்தவர் நாமே என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். இக்கட்டுரை எழுத நேர்ந்ததும் அதனாலேயே.

சிலேட்டும் பேரேடும்

கோளாறுகளை அறியுமுன் கணினி உறங்கும் விதத்தை அறிதல் வேண்டும். கணினியில் விவரங்கள் தங்குமிடம் இரண்டு. ஒன்று நினைவகம், இதனை ‘ரேம்’ என்பர். மற்றொன்று சேமிப்பகம், இதுவே ‘டிஸ்க்’ எனப்படுவது. நினைவகம் சிலேட்டுப் பலகையைப் போன்றது. அதில் விரைவாக எழுதலாம், விரைவாக அழிக்கலாம். ஆனால் மின்சாரம் உள்ள வரையில்தான் எழுத்து நிற்கும். சேமிப்பகம் பேரேட்டைப் போன்றது. மின்சாரம் நின்றாலும் அதில் எழுதியது அழியாது. நாம் தட்டச்சு செய்வன யாவும் முதலில் சிலேட்டிலேயே விழுகின்றன. ‘சேவ்’ என்னும் சேமிப்புக் கட்டளை இட்ட பின்னரே அவை பேரேட்டில் ஏறுகின்றன.

இனி, கணினியை ஓய்வில் வைக்கும் நிலைகள் மூன்றாகும்.

முதலாவது உறக்கம், திரையில் இது ‘ஸ்லீப்’ என்று காணப்படும். இந்நிலையில் திரை அணையும், விசிறி நிற்கும். எனினும் சிலேட்டின் எழுத்து அழியாதிருக்கச் சிறிதளவு மின்சாரம் செலவாகிக்கொண்டேயிருக்கும். திரியைச் சுருக்கி வைத்த அரிக்கேன் விளக்கில் வெளிச்சம் குறைந்தாலும் எண்ணெய் எரிவது நிற்பதில்லை அன்றோ? எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அணைவது போல, மின்கலம் தீர்ந்தால் சிலேட்டும் துடைக்கப்பட்டுவிடும்.

இரண்டாவது ஆழ்துயில், திரையில் ‘ஹைபர்னேட்’ என்று இருக்கும். இந்நிலையில் கணினி சிலேட்டில் உள்ளவற்றைப் பேரேட்டில் நகல் எடுத்து வைத்துவிட்டு, விளக்கை அடியோடு அணைத்துவிடுகிறது. மீண்டும் இயக்கும்போது அந்நகலைப் பார்த்துச் சிலேட்டை நிரப்பி, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. கோடையில் குளம் வற்றும்போது சேற்றினுள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும் தவளையின் நிலை இது. விழித்தெழ உறக்கத்தைக் காட்டிலும் சற்று நேரம் கூடுதலாகும். ஆனால் மின்கலம் அறவே தீர்ந்தாலும் வேலைக்குப் பழுதில்லை.

மூன்றாவது நிறுத்தம், ‘ஷட் டவுன்’ எனப்படுவது. சிலேட்டைத் துடைத்து, கடையைக் கட்டிவிடுவது இது.

கணக்காகப் பார்ப்போம். 40 வாட்-மணி கொள்ளளவுள்ள மின்கலம் ஒன்று. உறக்கத்தில் கணினிக்கு வேண்டுவது 1 வாட் என்று கொள்வோம். நிறைவாக மின்னூட்டிய கணினி 40 மணி நேரம் உறங்கலாம். மின்கலம் பழசாகிப் பாதியே கொள்ளுமாயின் 20 மணிதான். மின்னூட்டம் கால்பங்கே இருக்கும்போது அத்தகைய கணினியை உறங்க வைத்தால் 5 மணி. வெள்ளிக்கிழமை மாலை மூடி வைத்துத் திங்கட்கிழமை காலை திறப்போர் இக்கணக்கை மனத்திற்கொள்ள வேண்டும்.

பழைய உறக்கமும் கோழித்தூக்கமும்

கணினியின் உறக்க நிலைகளை வகுத்த பொது விதிமுறை ‘ஏ.சி.பி.ஐ.’ என்பதாகும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி இதனை 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டன. இவ்விதிமுறைப்படி மேற்கூறிய உறக்கத்திற்கு ‘எஸ் 3’ என்றும், ஆழ்துயிலுக்கு ‘எஸ் 4’ என்றும், நிறுத்தத்திற்கு ‘எஸ் 5’ என்றும் பெயர். எஸ் 3 உறக்கம் நல்ல உறக்கம். தட்டி எழுப்பும்வரை கணினி பெரும்பாலும் எழுவதில்லை.

கைபேசி போன்று கணினியும் நொடியில் விழிக்க வேண்டும், உறக்கத்திலும் செய்திகளைப் பெறவேண்டும் என்ற விருப்பம் பின்னர் எழுந்தது. அதன்படி 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது புதியதோர் உறக்க முறை தோன்றி, 2015-இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்ற பெயரால் விரிவடைந்தது. இஃது உண்மையில் கோழித்தூக்கம். கணினி முழுவதும் உறங்காமல், மிகக் குறைந்த மின்செலவில் அரைவிழிப்பாக இருக்கிறது. இடையிடையே இணையத்தொடர்பையும் பார்த்துக்கொள்கிறது. யாவும் செவ்வனே இருப்பின் இதனால் தீங்கில்லை. யாதேனும் ஒரு நிரலோ உறுப்போ அடங்காமல் வேலை செய்துகொண்டிருந்தால், மூடிய பைக்குள் கணினி சூடேறுவதும், காலையில் நிறைந்திருந்த மின்கலம் மாலையில் வற்றிவிடுவதும் நேரும். புதிதாக வாங்கிய கணினி பழையதைப்போல் உறங்கவில்லையே என்று பலர் வியப்பதற்குக் காரணம் இதுவே. பல புதிய கணினிகளில் பழைய எஸ் 3 உறக்கம் இருப்பதே இல்லை. அத்தகைய கணினிக்கு, வெளியே எடுத்துச் செல்லும்போது ஆழ்துயிலே தக்கது.

யந்திரத்தையே வினவுதல்

மாட்டுக்கு நோய் கண்டால் அது வாய்திறந்து சொல்லாது. கணினியோ வினவினால் விடை கூறும். பழுது பார்ப்போரிடம் கொண்டு செல்லுமுன் இதனைச் செய்து பார்த்தல் சிக்கனமும் ஆகும்.

விண்டோஸ் கணினியில் தேடுமிடத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டால் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்ற பெயர் தோன்றும். அதன்மேல் வலப்பொத்தானை அழுத்தி, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதைத் தெரிந்தெடுத்தால் கறுப்புப் பலகை ஒன்று திறக்கும். அதில் ‘பவர்’ என்ற சொல்லையும் சி, எஃப், ஜி ஆகிய எழுத்துகளையும் இடைவெளியின்றி ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் எழுதுக. பின் ஓரிடம் விட்டு, வலப்புறம் சாய்ந்த கோடும், அதனை ஒட்டிக் கீழ்க்காணும் சொற்களில் ஒன்றும் இட்டு, ‘என்டர்’ விசையை அழுத்துக. ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்வி.

1. ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்து: இக்கணினிக்கு எவ்வெவ் வகை உறக்கம் உண்டு, எவை இல்லை, ஏன் இல்லை என்பதைக் கூறும்.

2. ‘ரிக்வெஸ்ட்ஸ்’: இப்போது உறங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருப்பது எது என்பதைக் காட்டும்.

3. ‘லாஸ்ட்வேக்’: கடைசியாகக் கணினியை எழுப்பியது எது என்பதைக் கூறும்.

4. ‘வேக்டைமர்ஸ்’: இன்ன நேரத்தில் எழுப்புக என்று எவையேனும் ஏற்பாடு செய்திருந்தால் அவற்றைக் காட்டும்.

5. ‘பேட்டரிரிப்போர்ட்’: மின்கலத்தின் உடல்நிலையை ஓர் அறிக்கையாக எழுதி, அது வைக்கப்பட்ட இடத்தையும் தெரிவிக்கும்.

6. ‘ஸ்லீப்ஸ்டடி’: கோழித்தூக்கக் கணினிகளில், உறங்கிய ஒவ்வொரு முறையும் எவ்வளவு மின்சாரம் கரைந்தது, எதனால் கரைந்தது என்ற அறிக்கையைத் தரும்.

ஒரு சொல்லில் எழுத்துப்பிழை நேர்ந்தால் யந்திரம் ஏற்காது என்று கூறுமேயன்றிக் கெடுதி எதுவும் விளையாது. ஆகையால் அஞ்சவேண்டுவதில்லை.

கோளாறுகளும் பரிகாரமும்

*மூடியைச் சாத்தியும் உறங்காமை.* நமக்கு நேர்ந்த கோளாறு இதுவே. ‘கண்ட்ரோல் பேனல்’ என்பதைத் திறந்து, ‘பவர் ஆப்ஷன்ஸ்’ என்ற பகுதிக்குச் செல்க. அங்கே இடப்பக்கத்தில் ‘சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்’ என்ற வரி உள்ளது. அதனுள் இரண்டு பத்திகள் காணப்படும். ஒன்று மின்கலத்தில் ஓடும்போது செய்யவேண்டியது; மற்றொன்று மின்னிணைப்பில் ஓடும்போது செய்யவேண்டியது. பலர் ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்துவிடுகின்றனர். ‘டூ நத்திங்’ என்று இருப்பின் அதுவே குற்றவாளி. மின்கலத்தில் ஓடும்போது மூடினால் ‘ஹைபர்னேட்’ என்றும், மின்னிணைப்பில் இருக்கும்போது மூடினால் ‘ஸ்லீப்’ என்றும் அமைத்து, ‘சேவ் சேஞ்சஸ்’ என்பதை அழுத்துக. ஊராட்சிக் கணினிகளுக்கு இவ்வமைப்பே பொருத்தமானது என்பது நம் அனுபவம்.

*தானாக உறங்க மறுத்தல்.* 10 நிமிடம், 15 நிமிடம் என்று நேரம் குறித்து வைத்திருந்தும் சில கணினிகள் உறங்குவதில்லை. ‘ரிக்வெஸ்ட்ஸ்’ கேள்வியைக் கேட்டால் காரணம் விளங்கும். எல்லாத் தலைப்பின் கீழும் இல்லை என்னும் பொருளில் ‘நன்’ என்று வந்தால் தடையில்லை. ஏதேனும் பெயர் வந்தால் அதுவே தடை. பெரும்பாலும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் படமோ பாட்டோ, முடியாமல் நின்றுவிட்ட அச்சுப்பணியோ காரணமாக இருக்கும். அவற்றை மூடினால் கணினி உறங்கும்.

*தானாக விழித்தல்.* இரவில் ஆளில்லாத அறையில் கணினி தானே விழித்துத் திரை ஒளிர்வதைக் கண்டு காவலர் திகைத்த கதையும் உண்டு. இதற்குக் காரணம் மூன்று. மௌஸ் சற்றே அசைந்தாலும் கணினி விழிக்கும். ஈயோ எலியோ மேசையில் ஓடினால் போதும். இணைய வலைப்பின்னல் அட்டை எழுப்பலாம். புதுப்பிப்பு வேலைக்காக நேரம் குறித்த நிரலும் எழுப்பலாம். ‘லாஸ்ட்வேக்’ கேள்வியால் எழுப்பியது எதுவென அறிந்துகொள்க. உறுப்பாயின், ‘டிவைஸ் மேனேஜர்’ பட்டியலில் அதன் பெயரைத் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ ஏட்டில், இவ்வுறுப்பு கணினியை எழுப்பலாம் என்ற பொருளுடைய வரியின் குறியை எடுத்துவிடுக. நேரம் குறித்த நிரலாயின், ‘பவர் ஆப்ஷன்ஸ்’ மேலமைப்புகளில் ‘ஸ்லீப்’ என்ற தலைப்பின்கீழ் ‘அலோ வேக் டைமர்ஸ்’ என்பதை நிறுத்துக.

*காரணமின்றி உறங்கிவிடுதல்.* வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை அணைந்து உறங்கிவிடுமாயின், முதலில் மேசையைப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் மூடி சாத்தப்பட்டதைக் காந்தத்தின் துணையால் அறியும் உணரி உள்ளது. காந்தப் பூட்டுடைய கைபேசி உறையையோ, மற்றொரு மடிக்கணினியையோ அதன் அருகே வைத்தால், மூடி சாத்தப்பட்டுவிட்டது என்று கணினி ஏமாந்து உறங்கிவிடும். பொருளை அப்புறப்படுத்தினால் கோளாறு தீரும். இதற்காகக் காசு செலவழித்தவர்களும் உளர்.

*உறங்கியது விழியாமை.* மூடியைத் திறந்தால் திரை இருண்டே இருக்கும். பதற்றம் கூடாது. முதலில் மின்னூட்டியை இணைத்துச் சில நிமிடம் காத்திருக்க. மின்விசையை ஒருமுறை மெல்ல அழுத்தி விடுக. விளக்கு எரிந்தும் திரை மட்டும் வராவிடில், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்துக. இது திரையை இயக்கும் நிரலை மறுபடி தொடக்குமேயன்றி, திறந்திருக்கும் வேலையை அழிக்காது. இவற்றால் பயனில்லையெனில் மட்டும், மின்விசையை 10 முதல் 15 நொடி வரை விடாது அழுத்தி நிறுத்துக. சேமிக்காத வேலை இதனால் போய்விடும் என்பதை அறிந்தே செய்தல் வேண்டும்.

இக்கோளாறு திரும்பத் திரும்ப நேருமாயின், திரையை இயக்கும் நிரலைக் கணினி செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பித்தல் நலம். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்னும் விரைவுத் தொடக்க ஏற்பாட்டையும் நிறுத்திப் பார்க்கலாம். விண்டோஸ் 8 முதல் வந்த இவ்வேற்பாட்டால், ‘ஷட் டவுன்’ செய்யும்போதும் கணினி தன் அடிப்படை நிரல்களை மட்டும் ஆழ்துயிலில் வைத்துவிடுகிறது. பழைய கோளாறும் அதனுடன் தங்கிவிடக்கூடும். ‘ரீஸ்டார்ட்’ செய்தால் இவ்வாறு தங்குவதில்லை. நிறுத்தித் தொடங்கியும் தீராத கோளாறு ‘ரீஸ்டார்ட்’ செய்தால் தீர்வது இதனாலேயே.

*ஆழ்துயில் பட்டியலில் இல்லாமை.* பல கணினிகளில் ‘ஹைபர்னேட்’ என்ற சொல்லே காணப்படாது. அது மறைக்கப்பட்டிருக்குமேயன்றி, இல்லாமற் போகவில்லை. முற்கூறிய கறுப்புப் பலகையில், ‘ஏ’ என்பதற்குப் பதிலாக ‘ஹைபர்னேட்’ என்றும், ஓரிடம் விட்டு ‘ஆன்’ என்றும் இடுக. பின் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் மின்விசைகளுக்கான வரியைத் திறந்து, ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெய்லபிள்’ என்பதை அழுத்தினால், கீழே ‘ஹைபர்னேட்’ என்ற பெட்டி குறியிடத் தக்கதாகும். நகல் எழுதப் பேரேட்டில் இடம் வேண்டும் என்பதையும் மறவாதீர். நினைவகத்தின் அளவில் சுமார் 40 சதவீதம் இதற்கென்று ஒதுக்கப்படுகின்றது. 8 ஜி.பி. நினைவகம் உள்ள கணினியில் இது 3 ஜி.பி.க்குச் சற்று மேலாகும். சேமிப்பகம் நிரம்பி வழியுமாயின் தேவையற்ற படங்களை நீக்குக.

*மின்கலத்தின் மூப்பு.* மேற்கூறிய பரிகாரம் யாவும் செய்தும் பயனில்லையெனில் மின்கலத்தைச் சோதிக்க வேண்டும். ‘பேட்டரிரிப்போர்ட்’ அறிக்கையில் இரண்டு எண்கள் உள. ‘டிசைன் கெபாசிட்டி’ என்பது புதிதாக இருந்தபோது கொண்ட அளவு; ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ என்பது இன்று கொள்ளும் அளவு. இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் மாற்றும் காலம் வந்தது என்று கொள்ளலாம். மூத்த மின்கலம் காட்டும் சதவீதம் நம்பத்தக்கதன்று. 20 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிடும். ஆழ்துயிலுக்குச் செல்லும் அவகாசமும் இராது.

மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் சிலவற்றில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அத்தகைய கணினியில் விண்டோஸ் ஆழ்துயிலில் இருக்கும்போது, லினக்ஸில் நுழைந்து விண்டோஸின் கோப்புகளில் கைவைத்தலாகாது. கோப்புகள் பழுதுபட இடமுண்டு.

செய்யத் தகாதவை

விழித்திருக்கும் கணினியை ஒருபோதும் பையிலிடலாகாது. விசிறியின் ஒலி நின்று, விளக்கு அணைந்தபின் இடுக. மெத்தை, தலையணை, வைக்கோல் ஆகியவற்றின் மேல் வைத்து இயக்குவதும் தவறு. காற்று செல்லும் துளைகள் அடைபடும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுச் செல்வது மின்கலத்திற்குக் கேடு.

கணினியின் அடிப்பாகமோ விரலால் தடவும் பலகையோ மேடாக எழும்பியிருந்தால் மின்கலம் உப்பியிருக்கின்றது என்று பொருள். இது தீப்பற்றக்கூடிய அபாயம். உடனே நிறுத்தி, மின்னூட்டியை அகற்றி, தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றுக. குத்துதல், அழுத்துதல், குழந்தைகள் கையில் கொடுத்தல் கூடவே கூடாது.

ஊராட்சி அலுவலகத்திற்கு உகந்த ஒழுங்கு

வரப்பு உயர்ந்தால் மட்டும் போதாது. மடையை அடைக்கும் நேரத்தில் அடைக்கவும் ஆள் வேண்டும். அமைப்புகளைத் திருத்தினாலும் பழக்கம் திருந்தாவிடில் இழப்பு மறுபடி வரும். நம் வட்டாரத்து ஊராட்சிகளில் இப்போது கடைப்பிடிக்கும் ஒழுங்கைக் கீழே தருகிறோம். பிற ஊராட்சிகளும் மேற்கொள்ளலாம்.

அட்டவணையில் பத்துப் பெயர் பதிந்தவுடன் கண்ட்ரோல், எஸ் ஆகிய இரு விசைகளையும் அழுத்திச் சேமிக்க வேண்டும். இணையப் படிவமாயின், ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் சேமிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். தேநீர் அருந்தச் செல்லுமுன் சேமித்துவிட்டு உறக்கம்; வெளியூர் எடுத்துச் செல்லுமுன் சேமித்துவிட்டு ஆழ்துயில்; நாளின் முடிவில் சேமித்துவிட்டு நிறுத்தம். கூட்டத்திற்காக யாதோர் அமைப்பை மாற்றினாலும், மாற்றியவர் பெயரும் மாற்றிய விவரமும் ஒரு சீட்டில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டவேண்டும். கூட்டம் முடிந்து அமைப்பைத் திருத்திய பின்னரே சீட்டைக் கிழிக்கலாம். கணக்கெடுப்பின் கைக்குறிப்புகளை, பட்டியல் மேலிடம் சேர்ந்தது உறுதியாகும் வரையில் பாதுகாக்க வேண்டும்.

இவ்வைந்தில் முதலாவதே தலையாயது. உறக்கம், ஆழ்துயில் இரண்டும் நம் நேரத்தை மிச்சப்படுத்த வந்த வசதிகள். அவை சேமிப்பின் இடத்தைப் பெறமாட்டா. ஆழ்துயிலே தவறிய சமயங்களும் உண்டு. பேரேட்டில் ஏறாத வரவு, வரவாகாது என்பது நம் முன்னோர் கணக்கில் கண்ட உண்மை. கணினியிலும் அது மாறவில்லை.

ஊராட்சி உறுப்பினர்களில் பலர், ‘கணினி செயலரின் பொறுப்பு, நமக்கு அதில் என்ன வேலை’ என்று எண்ணுகின்றனர். அது சரியன்று. பட்டியலில் இருப்பவர்கள் அவர்களுடைய வார்டு மக்களே. ஆகவே, பதிவு நடக்கும்போது அருகிலிருந்து, “சேமித்தாயிற்றா?” என்று ஒரு வார்த்தை கேட்பது உறுப்பினரின் கடமையுள் அடங்கும். வீட்டில் மடிக்கணினி வைத்துள்ள உழவர்கள், படித்த தம் பிள்ளைகளைக் கொண்டு மேற்கூறிய சோதனைகளை ஒரு முறை செய்துபார்த்தல் நலம். ஐயம் நேர்வோர் தத்தம் வட்டார வளர்ச்சி அலுவலகத்தை அணுகலாம்.

அன்று திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியின் பெயர் மீட்ட பட்டியலில் 37-ஆவதாக ஏறியது. செயலர் அதனைப் பதிந்து, சேமித்து, வாசித்தும் காட்டினார். அவ்வூர்க் கணினி இப்போது மூடியைச் சாத்தினால் உறங்குகின்றது. நாமோ ஒவ்வொரு கிராம சபைக்குப் பின்னும் அதைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டே புறப்படுகிறோம்.